சுங்கம்

முப்பத்தொரு வருடம் துறைமுகச் சுங்கத்தில்
பிறர் பெட்டிகளைத் திறந்து மூடியவன் நான்.
இப்போது வால்பரைசோவில் ஒரு குன்றின்மேல்
நூற்று நாற்பத்திரண்டு படிக்கு அப்பால்
மஞ்சள் தகர வீட்டின் மாடியை
நாள் வாடகைக்கு விடுகிறேன்.
படிக்கணக்கை விளம்பரத்திலேயே போட்டிருக்கிறேன்.
ஆனாலும் மூச்சு வாங்க ஏறி வருகிறவர்கள்
என்னைத்தான் முறைக்கிறார்கள்.

கிரிசெல்டா ஃபூனெஸ்
மலைக்கு அந்தப் பக்கம், மெந்தோசாக்காரி.
மூன்று ஜனவரியாகக் கடல் பார்க்க வருகிறாள்,
கணவன், இரண்டு பையன்கள்,
காற்றடைத்த ஒரு நீர்யானையுடன்.
போன தடவை சாவியைத் திருப்பித் தரும்போது சொன்னாள்:
"அடுத்த முறை நேரே உங்கள் கையில் தருகிறேனே, நிபால்டோ.
உங்களுக்கும் மிச்சம், எனக்கும் மிச்சம்.
நடுவில் எதற்கு ஒருத்தன்?"

நடுவில் ஒருத்தன்.
என்னையும் அப்படித்தான் சொன்னார்கள்.
ஷூ பெட்டியில் கைக்கடிகாரம் அடுக்கி வந்தவன்
"உனக்கு ஒன்று" என்று கண்ணடித்தான்.
முத்திரையை ஓங்கிக் குத்தினேன்.
நேர்மை என்று சொல்லமாட்டேன்,
மேலதிகாரி பின்னால் நின்றிருந்தார்.

ஒரே ஒரு தையல் மிஷினை விட்டிருக்கிறேன்.
போர்வைக்குள் குழந்தைபோல் அணைத்திருந்தாள் ஒருத்தி.
ஓரத்தில் சக்கரம் எட்டிப் பார்த்தது.
"குளிர் அடிக்கிறது, நன்றாக மூடிக்கொள்ளுங்கள்" என்றேன்.

மின்கட்டண உறையின் முதுகில் கணக்குப் போட்டேன்.
அவளிடம் பிடிப்பது, என்னிடம் பிடிப்பது,
ஆறு இரவுக்கு இரண்டையும் கூட்டினால்
பாதி வாட்டர் ஹீட்டர்.

பாதி ஹீட்டர் என்றதும்
முழு ஹீட்டர் ஞாபகம் வந்தது.
செப்டம்பர் விடுமுறையில் ஒரு பையன்
ரொக்கத்தை எண்ணிக் கையில் வைத்தான்.
நாலு பேர் என்றான், பதினோரு பேர் ஏறி வந்தார்கள்.
ஹீட்டர் செத்தது. வாஷ்பேசின் கழன்று தொங்கியது.
அவன் எண்ணுக்கு அழைத்தால்
உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல்
மிகவும் பணிவாகச் சொன்னது.
யாரிடம் போய் முறையிட?

அந்த முகமில்லாதவர்கள் என்றால்
கருகிய மெத்தைக்கு நாற்பது நாள் இழுத்தடித்து
பதினாறு போட்டோ கேட்டு, கடைசியில் கொடுத்தார்கள்.
அதே முகமில்லாதவர்கள்தான்
எவனோ கரப்பான் என்று எழுதியதற்கு
(அது பேரீச்சங்கொட்டை)
ஒரு வாரம் என் வீட்டை
உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்தார்கள்.

நவம்பரில் அவள் செய்தி வந்தது.
அந்தச் செய்திப்பெட்டி எண்களைத் தின்றுவிடும்,
தொலைபேசி எண் எழுதினால் நட்சத்திரமாகக் கக்கும்.
அதனால் விடுகதை போட்டிருந்தாள்:
என் பையன்கள் எத்தனை,
உங்கள் அடுப்பில் எரியாத பர்னர் எத்தனை,
நீர்யானைக்கு எத்தனை கால்...
எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன்.
பெட்டி பிரித்துப் பழகிய கை.

எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன்.
மூன்றாம் நாள் எழுதினேன்,
"வழக்கம்போலவே பதிவு செய்யுங்கள்."
காரணம் எழுதவில்லை.
பயமா பழக்கமா என்று
எனக்கே பிடிபடாததை அவளுக்கு எப்படி எழுத?

வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.
பெட்டியை இறக்கிய பிறகுதான் வாய் திறந்தாள்:
"கணவாய்ச் சாவடியில் உங்கள் ஆட்கள்
ஒரு கூடை பீச் பழத்தைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினார்கள்."
நானே கொட்டியதுபோல் பார்த்தாள்.
பழத்தோடு புழுவும் மலை தாண்டிவிடும்.
அந்த விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன்.
வாயெடுத்தேன்.

அதற்குள் சின்னவன்
மழைக்கோட்டுப் பைக்குள் கையை விட்டு
ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.
நசுங்கியிருந்தது. வாசனை அறை முழுக்க.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கத்தியை எடுத்து ஐந்தாக வெட்டினேன்.
சாறு முழங்கைவரை ஓடியது.

கொட்டை என் தட்டில் கிடக்கிறது.
அதை எங்கே போடுவது?